எஞ்சினைக் குறுக்கே போட்ட பசங்க: லம்போர்கினி மியூராவின் கதை

இன்னைக்கு ஒரே ஒரு காரைப் பத்தித்தான் பேசப் போறேன். லம்போர்கினி மியூரா. 1966-ல் வெளியே வந்த இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். உலகத்திலேயே அழகான கார் எதுன்னு கார் பைத்தியங்கள் சண்டை போட்டா, அரை மணி நேரத்துக்குள்ள இந்தப் பேர் வந்துடும். படம் பார்த்ததில்லைன்னா, எபிசோடை நிறுத்திட்டு ஒரு தடவை தேடிப் பார்த்துட்டு வாங்க. நான் காத்திருக்கேன்.

பார்த்தாச்சா? சரி. அந்த அழகைப் பத்தி ஆயிரம் பேர் எழுதிட்டாங்க. எனக்கு அந்த அழகுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற ஒரு முடிவைப் பத்திப் பேசணும். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, 90 டிகிரி திருப்பி, காருக்குக் குறுக்கே போடலாம்னு 30 வயசு கூட ஆகாத சில பேர் எடுத்த முடிவு. அது இல்லைன்னா இந்த கார் இந்த உருவத்தில் பிறந்திருக்காது. அதே முடிவுதான் அந்த காரோட ஆயுள் முழுக்க அதைப் பிடித்து ஆட்டியது.

முதல்ல ஆட்களை அறிமுகப்படுத்திடறேன்.

ஃபெரூச்சியோ லம்போர்கினி டிராக்டர் செய்து பணக்காரரானவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போரில் மிச்சமான எஞ்சின்களையும் உதிரி பாகங்களையும் வைத்து டிராக்டர் கட்ட ஆரம்பித்தார். ஃபெராரி முதலாளியிடம் கிளட்ச் சரியில்லைன்னு சொல்லப் போய் அவமானப்பட்டதால்தான் கார் கம்பெனி தொடங்கினார்னு ஒரு கதை இருக்கு. கேட்டிருப்பீங்க. அதுக்குப் பல வடிவங்கள் உண்டு, சொல்றவரைப் பொறுத்து மாறும். எனக்கு அதை விட முக்கியமாகத் தோன்றுவது வேற: அவருக்கு ரேஸில் ஆர்வமே இல்லை. பணக்காரர்கள் கோட்டு சூட்டோடு ஏறி, ஊர் விட்டு ஊர் சுகமாகப் போகக்கூடிய, நம்பகமான, வேகமான கார். அவர் கேட்டது அவ்வளவுதான். 1963-ல் போலோன்யா பக்கத்தில் சாந்த் அகாட்டா என்ற சின்ன ஊரில் தொழிற்சாலை எழுந்தது.

எஞ்சினை வடிவமைத்தவர் ஜியோட்டோ பிட்ஸாரினி. ஃபெராரியில் 250 ஜிடிஓ உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்துவிட்டு, 1961-ல் அங்கிருந்து வெளியேறியவர். அவர் கொடுத்தது 3.5 லிட்டர் வி12. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கேம்ஷாஃப்ட், மொத்தம் நாலு. அன்றைக்கு ஃபெராரியே தன் சாலை கார்களின் வி12-க்கு பக்கத்துக்கு ஒன்றுதான் வைத்திருந்தது. சுருக்கமா சொன்னா, கனவான்களுக்கான காருக்கு ரேஸ் எஞ்சின் வந்து சேர்ந்தது. அதைச் சாலைக்கு ஏற்றபடி சாதுவாக்கும் வேலை ஜான் பாவ்லோ தல்லாரா என்ற இளைஞரிடம் வந்தது.

தல்லாரா 1936-ல் பிறந்தவர். மிலானில் விமானப் பொறியியல் படித்துவிட்டு ஃபெராரி, மசராட்டி இரண்டிலும் வேலை பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு உதவியாக பாவ்லோ ஸ்டான்சானி, அவரும் அதே 1936. மூன்றாவது ஆள் பாப் வாலஸ், நியூசிலாந்திலிருந்து கிளம்பி இத்தாலிக்கு வந்து சேர்ந்த மெக்கானிக், டெஸ்ட் டிரைவர். அவர் இவர்களை விட இரண்டு வயது இளையவர். 1965-ல் இந்த மூன்று பேரில் யாருக்கும் 30 ஆகவில்லை. நம்ம ஊர்க் கணக்கில், ஆபீஸில் 'சீனியர் எஞ்சினியர்' பட்டம் கிடைக்கலாமா வேண்டாமான்னு பேசிக்கொண்டிருக்கும் வயது.

இவங்க மூணு பேருக்கும் ஆசை ரேஸ் கார் மேல. முதலாளிக்கு அது பிடிக்காது. அதனால பகல் வேலை முடிஞ்ச பிறகு, தங்கள் சொந்த நேரத்தில் ஒரு காரை வரைய ஆரம்பித்தார்கள்னு சொல்வாங்க. ரேஸ் காரின் எலும்புக்கூடு, ஆனா ரோட்டில் ஓட்டலாம். அப்படி ஒன்று.

ரேஸ் காரின் எலும்புக்கூடுன்னா என்ன? எஞ்சின் டிரைவருக்கு முதுகுப் பின்னாடி, பின் சக்கரங்களுக்கு முன்னாடி இருக்கணும். ஏன்? இரண்டு கையிலும் ஒவ்வொரு தண்ணிக் குடத்தைப் பிடிச்சுக்கிட்டு, கையை நல்லா நீட்டிக்கிட்டு சட்டுன்னு திரும்பிப் பாருங்க. முடியாது. அதே குடங்களை இடுப்போடு அணைச்சுக்கிட்டா சுலபமா திரும்பலாம். எடை நடுவில் இருந்தால் கார் வளைவில் சட்டென்று திரும்பும், அதே சட்டென்று நேராகும். 1960-களின் நடுவில் ரேஸ் உலகம் முழுக்க இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஃபோர்டின் ஜிடி40 அப்படித்தான். 1965-ல் லெ மான் பந்தயத்தை ஜெயித்த ஃபெராரி 250 எல்எம் அப்படித்தான்.

சாலை கார்களில் இது அறவே இல்லாத விஷயமும் இல்லை. பிரான்ஸில் ரெனே பொன்னே, இத்தாலியில் தெ தொமாசோ, இவர்கள் சின்ன எஞ்சினை நடுவில் வைத்து சாலை கார் விற்றிருந்தார்கள். மியூராதான் முதல்னு எங்காவது படிச்சா, 'வி12 எஞ்சினோட' என்ற வார்த்தையைச் சேர்த்துப் படிச்சுக்கோங்க.

அந்த வி12-தான் இங்கே பிரச்சினை. அதன் நீளம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மியூராவுக்குக் கிடைத்த எஞ்சினின் அளவு 3929 சிசி. ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 82 மில்லிமீட்டர். வி12-ல் ஒரு பக்கத்துக்கு ஆறு சிலிண்டர். ஆறு ஓட்டைகளை இடைவெளியே விடாமல் ஒட்டி வைத்தாலே அரை மீட்டர் வந்துவிடும். அப்புறம் இடையில் சுவர்கள், முன்னால் செயின், பின்னால் கிளட்ச். அதுக்கும் பின்னால் கியர்பாக்ஸ். நீளவாக்கில் வைத்தால், இத்தனையையும் சீட்டுக்குப் பின்னால் அடுக்க வேண்டும். ரேஸ் காரில் டிரைவரை முன் சக்கரத்தின் மேல் தள்ளி உட்கார வைத்துவிடலாம், அவர் எதுவும் கேட்க மாட்டார். இது காசு கொடுத்து வாங்கும் பணக்காரரும் அவர் மனைவியும் உட்காரப்போகும் கார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர். அதுக்குள்ள மனுஷனும் இருக்கணும், வி12-ம் இருக்கணும்.

விடை வந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்சது. அது வந்தது ஒரு குட்டி பிரிட்டிஷ் காரிடமிருந்து. மினி.

1959-ல் அலெக் இசிகோனிஸ் மினியை வடிவமைத்தபோது அவருக்கும் இடப் பிரச்சினைதான். பத்து அடி காரில் நாலு பேரை உட்கார வைக்கணும். அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், ஆயில் தேங்கும் சம்ப்புக்குள்ளேயே வைத்தார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். தல்லாரா இதைப் பார்த்தார். 850 சிசி எஞ்சினுக்கு வேலை செய்தால் 4 லிட்டருக்கு ஏன் செய்யக்கூடாது?

ஹோண்டா வேற ஒரு தைரியம் கொடுத்திருந்தது. அவர்களுடைய 1964, 65 ஃபார்முலா 1 கார்களில் 1.5 லிட்டர் வி12 குறுக்கேதான் இருந்தது. 1965 மெக்சிகோ பந்தயத்தில் அது ஜெயிக்கவும் செய்தது. ஆக, குறுக்கே கிடக்கும் வி12 ஓடும்னு நிரூபணம் இருந்தது. மூணில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலான அளவில்.

இங்க ஒரு நிமிஷம் நிற்கணும். 'எஞ்சினைக் குறுக்கே போட்டது பெரிய விஷயமா? எங்க வீட்டு வண்டியிலும் அப்படித்தானே இருக்கு?'ன்னு நீங்க கேட்கலாம். உண்மைதான். மாருதி 800-லிருந்து இன்றைய ஹேட்ச்பேக் வரை, முன் சக்கரம் இழுக்கும் வண்டியின் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் பெரும்பாலும் குறுக்கேதான் இருக்கும். ஆனால் அவற்றில் கியர்பாக்ஸ் எஞ்சினின் ஒரு ஓரத்தில், அதே வரிசையில் ஒட்டியிருக்கும். தனி ஆயில். அது ஃபியட்டின் தான்தே ஜியாகோசா பிரபலமாக்கிய வழி. நாலு சிலிண்டர் எஞ்சின் குட்டை, அதனால் ஓரத்தில் கியர்பாக்ஸுக்கு இடம் கிடைக்கும். மியூராவின் அகலமே 1.76 மீட்டர்தான். அதில் இரண்டு பக்கமும் சக்கரம், சஸ்பென்ஷன் போக மிச்சத்தில் வி12 நுழைவதே பெரும்பாடு. ஓரத்தில் கியர்பாக்ஸ் ஒட்ட வாய்ப்பே இல்லை.

அதனால் கியர்பாக்ஸை எஞ்சினுக்குப் பின்னால், அதற்கு இணையாக வைத்தார்கள். அப்பவும் இடம் பத்தலை. தனித்தனிப் பெட்டியாகச் செய்தால் இரண்டு சுவர், இரண்டு மூடி, நடுவே இடைவெளி. அதைக் குறைக்க, எஞ்சினின் கிராங்க்கேஸ், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே அலாய் வார்ப்பாக ஊற்றினார்கள். ஒரே உலோகக் கட்டி. உள்ளே ஒரே ஆயில்.

மேஜையில் இதைப் பார்த்தால் அசந்துடுவீங்க. உலகத்தின் மிகச் சிக்கலான எஞ்சின்களில் ஒன்று, அதன் மொத்த இயக்கமும் ஒரே கட்டியில் மடங்கி, ஒரு பெரிய பெட்டி அளவில். நான் மெக்கானிக்கல் படிச்சவன். வகுப்பில் யாராவது இப்படி ஒரு வரைபடத்தைக் காட்டியிருந்தா, இன்னும் கொஞ்சம் முழிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

1965 நவம்பர், டூரின் மோட்டார் ஷோ. லம்போர்கினி ஸ்டாலில் உடம்பே இல்லாத ஒரு காரை வைத்தார்கள். மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த சட்டம். எடை குறைக்க, சல்லடை மாதிரி எங்கும் துளைகள். நடுவே குறுக்காக வி12, அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் கார்புரேட்டர்கள். பேர் பி400. 'பின்னால் எஞ்சின், 4 லிட்டர்' என்பதன் சுருக்கம். கதவில்லை, கண்ணாடி இல்லை, கூட்டம் மட்டும் குறையவில்லை. இத்தாலியின் உடல் கட்டும் கம்பெனிகள் வந்து பார்த்தன. கடைசியில் வேலை பெர்தோனேவுக்குப் போனது.

பெர்தோனேவில் அப்போதுதான் தலைமை மாறியிருந்தது. ஜியுஜியாரோ போய், 27 வயது மார்செல்லோ காந்தினி வந்திருந்தார். அடுத்த ஷோ 1966 மார்ச், ஜெனீவா. நாலு மாதம்! இன்றைய கம்பெனிகளில் ஒரு டெயில் லேம்ப்புக்கு ஒப்புதல் வாங்கவே அதை விட அதிகம் ஆகும்.

காந்தினி என்ன செய்தார்னு பாருங்க. எஞ்சின் குறுக்கே கிடப்பதால் பின்பகுதி நீள வேண்டியதில்லை. முன்னால் எஞ்சின் இல்லாததால் மூக்கை எவ்வளவு வேண்டுமானாலும் தாழ்த்தலாம். உயரம் 105 சென்டிமீட்டர்தான். நாலு வயசுக் குழந்தை பக்கத்தில் நின்றால் கூரையும் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஹெட்லைட் ஃபியட் 850 ஸ்பைடரிலிருந்து எடுத்தது. அணைத்தால் வானத்தைப் பார்த்து மல்லாந்து படுக்கும். சுற்றிலும் கண் இமை மாதிரி கறுப்புக் கம்பிகள். பின்னால் கண்ணாடிக்குப் பதில் கிடைமட்டப் பட்டைகள், எஞ்சின் சூடு மேலே வெளியேற. இது காந்தினி வரைந்ததா, ஜியுஜியாரோ விட்டுப்போன ஓவியத்திலிருந்து வந்ததா என்று பல வருஷம் சண்டை நடந்தது. காந்தினி 2024-ல் காலமானார். வழக்கு எனக்கு முடிந்துவிட்டது, காந்தினி பக்கம்.

ஜெனீவாவில் ஆரஞ்சு நிறத்தில் அது நின்றது. இப்போது பேர் மியூரா, ஸ்பெயினில் சண்டைக் காளைகள் வளர்ப்பதில் பேர்பெற்ற குடும்பத்தின் பேர். இங்கே ஒரு கதை சொல்வார்கள்: வேலை அவ்வளவு அவசரம், எஞ்சின் அந்த உடலுக்குள் சரியாக உட்காருமான்னு பார்க்கக்கூட நேரமில்லை. அதனால் பின்னால் எடைக்கட்டிகளை வைத்து, மூடியைப் பூட்டிவிட்டார்களாம். யார் கேட்டும் திறக்கவில்லையாம்.

எனக்கு இந்தக் கதை வெறும் தமாஷாகப் படவில்லை. ஏன்னா அடுத்து நடந்தது இதுதான்: ஆர்டர்கள் குவிந்தன. ஃபெரூச்சியோ இதை ஒரு விளம்பரப் பொருளாகத்தான் நினைத்திருந்தார். கொஞ்சம் விற்போம், பேர் வாங்குவோம், நமக்குச் சோறு போடுவது மற்ற கார்கள் என்று. திடீரென்று பணக்காரர்கள் செக்கை நீட்டினார்கள். சோதனை முடியாத ஒரு வண்டி உற்பத்திக்குப் போனது. உங்கள் பாஷையில் சொன்னால், டெமோவுக்குக் காட்டின பில்டை நேராக புரொடக்ஷனில் ஏத்திட்டாங்க. பிழை கண்டுபிடிக்கும் வேலை வாங்கினவங்க தலையில் விழுந்தது, மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய ஒரு வண்டியில்.

சரி, என்னென்ன பிழை?

முதலில் ஆயில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எஞ்சினும் கியரும் ஒரே ஆயிலில் குளிப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. உங்க பைக்கை எடுத்துக்கோங்க. இன்றைய பெரும்பாலான கியர் பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில்தான். நல்லாத்தான் ஓடுது. ஆனா அது பத்து, இருபது குதிரைத்திறன். மியூராவில் 350.

எஞ்சின் ஆயிலுக்கு ஒரு குணம் வேண்டும்: சீக்கிரம் ஓடணும், மெல்லிய இடுக்குகளில் நுழையணும், சூட்டைச் சுமந்து வரணும். கியருக்கு வேற குணம்: பற்கள் ஒன்றையொன்று அழுத்தித் தேய்க்கும்போது நடுவில் நசுங்காமல் நிற்கணும். இரண்டையும் ஒரே திரவத்திடம் கேட்டால் அது இரண்டிலும் பாதி மார்க்தான் வாங்கும். அதோட, கியர் பற்கள் ஆயிலையே அரைத்து அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துவிடும். அதைவிட மோசம், அவசரத்தில் கியர் மாற்றும்போது பல்லில் சின்னத் துணுக்கு உடைந்தால், அது எங்கே போகும்? அதே ஆயிலோடு எஞ்சின் பேரிங்குகளைத் தேடிப் போகும். கியர்பாக்ஸில் நடந்த தப்புக்கு வி12 தண்டனை அனுபவிக்கும். வளைவில் வேகமாகப் போகும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப்புக்குக் காற்று கிடைக்கும் ஆபத்தும் உண்டு. பின் சக்கரங்களில் ஒன்று வழுக்கினால் சக்தியை மற்றதுக்குப் பகிரும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேண்டுமென்றால், அதற்கென்று சிறப்பு ஆயில் தேவை. ஒரே தொட்டியில் அதை எப்படி ஊற்றுவது?

அடுத்தது மூக்கு. எஞ்சின் பின்னால் போனதால் பெட்ரோல் டேங்க்கை முன்னால் வைத்தார்கள், ஸ்டெப்னி பக்கத்தில். டேங்க் நிறைந்திருக்கும்போது பரவாயில்லை. ஓட ஓட பெட்ரோல் குறையும், முன்பக்கம் லேசாகும். அந்த அழகான தாழ்ந்த மூக்குக்கு அடியில் காற்று புகுந்து மேலே தூக்கும். அதாவது ஸ்டியரிங்கை ரொம்ப நம்ப வேண்டிய வேகத்தில்தான் ஸ்டியரிங் லேசாகிப் போகும். விமானப் பொறியியல் படித்த ஆள் வடிவமைத்த காரில் இப்படியான்னு தோணும். அன்றைக்கு ரேஸ் கார்களே இந்தப் பாடத்தை அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தன. காற்று எப்படித் தூக்குகிறது என்று காட்டும் காற்றுச் சுரங்கச் சோதனைக்கு அந்த நாலு மாதத்தில் யாருக்கு நேரம்?

மூன்றாவது, தீ. மியூரா எரியும் என்பது அந்தக் கால இத்தாலியில் பாதி கேலி, பாதி பயம்.

மியூராவின் தலையில் நாலு வெபர் கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று குழல். பன்னிரண்டு சிலிண்டருக்குப் பன்னிரண்டு குழல். இவை மேலிருந்து கீழே பார்த்து நிற்கும் ரேஸ் வகை. ரேஸில் ஆக்சிலேட்டர் எப்போதும் தரையோடு இருக்கும், பெட்ரோல் வந்த வேகத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆனா ரோட்டில்? சிக்னலில் நிற்கணும். டிராஃபிக்கில் ஊரணும். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது பெட்ரோல் தேங்கும், சில சமயம் வழியும். கீழே கொதிக்கும் எஞ்சின். பச்சை விழுந்ததும், லம்போர்கினி வாங்கினவர் என்ன செய்வார்? மிதிப்பார். கார்புரேட்டர் வழியாக ஒரு தீப்பொறி பின்னோக்கித் தெறித்தால் போதும். சீட்டுக்கும் அந்த எஞ்சினுக்கும் நடுவே மெல்லிய தடுப்பு மட்டும்தான். இன்றும் மியூராவைப் புதுப்பிக்கிறவர்கள் பெட்ரோல் குழாய்களையும் கார்புரேட்டர்களையும் தனிக் கவனத்தோடு பார்க்கிறார்கள். எத்தனையோ மியூராக்கள் இப்படித்தான் கரிக்கட்டையாகின. மொத்தமே 760 சொச்சம் செய்த கார்.

கேபினில் சத்தமும் சூடும் வேறு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்க தலைக்குப் பின்னால் கை நீட்டினா எட்டுகிற தூரத்தில் பன்னிரண்டு சிலிண்டர்.

இப்ப நான் எந்தப் பக்கம்னு சொல்லிடறேன். 'மியூரா அழகான குப்பை'ன்னு சில பேர் சொல்றாங்க. ஒத்துக்க மாட்டேன். எஞ்சினைக் குறுக்கே போட்டது தப்பே இல்லை. கொடுத்த இடத்துக்குள் அதை விடச் சிறந்த விடை அன்று யாரிடமும் இல்லை. ஆனா 'மேதைகள் செய்தது, குறை சொல்லாதே'ன்னு உருகறவங்க பக்கமும் நான் இல்லை. வரைந்த பசங்க மேல எனக்குக் கோபம் வரலை. முடியாத வேலையை விற்கச் சம்மதித்த இடத்தில்தான் வருது. ஆபத்து யாருக்கு என்று யாரும் வாங்கினவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பசங்க சும்மா இருக்கலை என்பதையும் சொல்லணும். வாலஸ் காரை எடுத்துக்கொண்டு இத்தாலியச் சாலைகளில் மணிக்கணக்கில் ஓட்டினார். ஓட்டி, குறை கண்டு, திரும்பி வந்து திருத்தினார். சட்டத்தின் தகடு கனமானது. 1968-ல் பி400 எஸ் வந்தது, 370 குதிரைத்திறன். வாலஸுக்குத் திருப்தியில்லை. 1970-ல் அவரே 'ஹோட்டா' என்று ஒரே ஒரு தனி மியூராவைக் கட்டினார். எடை குறைத்து, மூக்குக்கு அடியில் காற்றுத் தடுப்பு வைத்து, ஆயிலுக்குத் தனித் தொட்டி கொடுத்து. இந்த கார் எப்படி இருந்திருக்கணும் என்பதற்கு அவர் எழுதிய பதில் மாதிரி. அதை விற்றார்கள். 1971-ல் பிரேஷியா பக்கத்தில் விபத்தில் சிக்கி அதுவும் எரிந்துபோனது.

தல்லாரா அதுக்கு முன்னாடியே, 1969-ல் கிளம்பிவிட்டார். அவருக்கு ரேஸ்தான் வேண்டும், முதலாளி தரமாட்டார். 1972-ல் சொந்த ஊரில் தன் பேரிலேயே கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு காரின் சட்டமும் தல்லாரா செய்ததுதான். நம்ம சென்னை கருண் சந்தோக் 2010-ல் ஹிஸ்பானியா அணிக்காக ஃபார்முலா 1-ல் ஓட்டினாரே, அந்த காரும் தல்லாரா கட்டியது. மியூரா வரைந்த கை எங்கே வரைக்கும் நீண்டிருக்கு பாருங்க.

மியூரா ஸ்டான்சானி கைக்கு வந்தது. 1971-ல் எஸ்வி. 385 குதிரைத்திறன். அதுவரை நாலு டயரும் ஒரே அளவு. எஸ்வி-யில் பின் டயர்கள் முன்னதை விட அகலமாகின, அதற்கேற்ப பின்பக்கம் புடைத்தது, பின் சஸ்பென்ஷன் மாறியது. கண் இமைகள் போயின, எனக்கு அதில் வருத்தம் உண்டு. எஸ்வி-யின் பிற்பகுதி கார்களில்தான் கடைசியாக அந்த வார்ப்புக்குள் ஒரு தடுப்புச் சுவர் எழும்பியது. எஞ்சினுக்குத் தனி ஆயில், கியருக்குத் தனி ஆயில். டிஃபரன்ஷியலுக்கு வேண்டியதை ஊற்றவும் வழி பிறந்தது. 1965-ல் இடம் பத்தாமல் சேர்த்து வைத்ததைப் பிரிக்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தச் சுவரோடு வந்த கார்கள் மொத்தத்தில் சின்னப் பகுதிதான்.

எஸ்வி-யை உலகத்துக்குக் காட்டியது 1971 மார்ச் ஜெனீவா ஷோவில். அதே ஷோவில் பெர்தோனே ஸ்டாலில் மஞ்சளாக ஒன்று நின்றது. காந்தினி வரைந்தது, ஆப்பு மாதிரி கூர்மையாக, கதவுகள் மேலே தூக்கும். கவுன்டாக். ஸ்டான்சானிதான் அதன் பொறியாளர். அதன் பேரில் எல்பி என்ற எழுத்துகள் வரும். 'நீளவாக்கில், பின்னால்' என்று அர்த்தம். எஞ்சினை 90 டிகிரி திரும்ப நேராக்கி, கியர்பாக்ஸை முன்பக்கம், இரண்டு சீட்டுக்கும் நடுவே கொண்டுவந்துவிட்டார். கியர் லிவர் நேராக கியர்பாக்ஸின் மேலேயே நிற்கும். அங்கிருந்து சக்தி, எஞ்சினின் சம்ப்புக்குள் ஓடும் ஒரு தண்டு வழியாகப் பின் சக்கரத்துக்குத் திரும்பும். இடப் பிரச்சினைக்கு இரண்டாவது பதில்.

பிட்ஸாரினியின் அந்த வி12 குடும்பம் வளர்ந்து, பெருத்து, முர்சியெலாகோ நின்ற 2010 வரை ஓடியது. லம்போர்கினியின் பெரிய கார்கள் எதிலும் அது மறுபடி குறுக்கே படுக்கவில்லை. 1973 தொடக்கத்தோடு மியூராவும் முடிந்தது.

கவுன்டாக்கின் அந்த மஞ்சள் முதல் காரை மோதல் சோதனையில் நொறுக்கிட்டாங்க, தெரியுமா? அது அடுத்த எபிசோடுக்கு.